உப்புக் கிணற்றுக்குக் காந்தம் மருந்தாகாது

குழாயில் இரண்டு காந்தங்களைக் கட்டுங்கள். அதற்குள்ளால் வரும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள். விதை விரைவில் முளைக்கும், விளைச்சல் பெருகும், சவர்த்தண்ணீர்கூடப் பயிருக்கு உகந்ததாகிவிடும். கைத்தொலைபேசி வழியாகத் தமிழ்த் தோட்டங்களுக்குள் நுழைந்திருக்கும் உபதேசம் இது. இதற்கென்றே விலையுயர்ந்த குழாய்க் கருவிகள் பல நாடுகளில் விற்பனையாகின்றன. கேட்பவர்களும் நம்புகிறார்கள். மட்டக்களப்பு வாவிக் கரையில் தோட்டம் செய்கிறவர்கள் இந்த நம்பிக்கையைக் கேள்வி கேட்காமல் விடக்கூடாது. நம் மண்ணின் உண்மையான நோயை, அதாவது கிணற்றில் ஏறும் உப்பை, ஒரு பொய் மருந்தால் மறைக்க இது வழி செய்கிறது.

கல்லடியிலிருந்து ஆரையம்பதி, செட்டிபாளையம், களுதாவளை எனத் தெற்கே நீளும் எழுவான்கரை, கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணற்பட்டி. இங்கே நிலத்தடி நன்னீர், அடியிலுள்ள உப்புநீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை உப்புநீரை அது அழுத்தி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் அடிப்படைக் கணக்கு. மறுபக்கத்தையும் பாருங்கள்: மோட்டர் போட்டு அளவுமீறி இறைத்து அந்த மட்டத்தைச் சிறிது தாழ்த்தினாலே உப்பு பல மடங்கு மேலேறப் பார்க்கும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இந்தக் கரையின் கிணறுகளைக் கடல்நீரால் நிரப்பியது. அந்த உப்பைப் படிப்படியாகக் கழுவி இறக்கியது வடகீழ்ப் பருவமழை. அவசரப்பட்டு இறைத்துச் சுத்தம் செய்வது நிலைமையைக் கெடுக்கக்கூடும் என்று அப்போது நிபுணர்கள் எச்சரித்தார்கள்.

உப்பு என்றால் தண்ணீரில் கரைந்து நிற்கும் சோடியமும் குளோரைட்டும். காந்தத்தைத் தாண்டி வந்த பிறகும் அவை அதே அளவில் தண்ணீரில்தான் இருக்கும். காந்தம் கடந்த தண்ணீரை ஒரு வாளியிலும் சாதாரணத் தண்ணீரை இன்னொரு வாளியிலும் எடுத்து, மின்கடத்துதிறனை அளக்கும் சிறு கருவியை இரண்டிலும் தோய்த்துப் பார்த்தால் இது வெளிச்சமாகிவிடும். பயிரின் வேருக்குத் தெரிவதும் இந்த உப்பின் அளவுதான். மண்ணின் உவர்த்தன்மை மீற்றருக்கு 1 டெசிசீமன்ஸைத் தாண்டினால் போஞ்சியின் விளைச்சல் குறையத் தொடங்கும். வெங்காயத்துக்கு அந்த எல்லை 1.2, மிளகாய்க்கு 1.5, தக்காளிக்கு 2.5. காந்தம் இந்த எண்களில் ஒன்றையும் மாற்றாது.

காந்தம் தண்ணீரின் அமைப்பையே மாற்றி, அதன் மூலக்கூற்றுக் கூட்டங்களைச் சிறிதாக்கி, வேருக்குள் எளிதாகப் புகச் செய்கிறது என்பார்கள். தண்ணீர் மூலக்கூறுகளைப் பிணைக்கும் ஐதரசன் பிணைப்புகள் ஒரு செக்கனின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு அளவிலான நேரத்தில் அறுந்து, மீண்டும் இணைந்துகொண்டே இருக்கின்றன. குழாயில் பெற்ற எந்த ஒழுங்கையும் செடியின் அடி வரை சுமந்து செல்ல அவற்றால் இயலாது. தண்ணீர் காந்தத்தால் மிக மிகப் பலவீனமாகத் தள்ளப்படும் பொருள். இரும்பைப் போலக் காந்தத்தன்மையைச் சேமித்து வைக்காது. 1997இல் நெதர்லாந்தின் நைமேகன் நகரில் ஆந்த்ரே கைமும் உடன் ஆய்வாளர்களும் ஏறத்தாழ 16 டெஸ்லா காந்தப் புலத்தில் உயிருள்ள தவளையொன்றை அந்தரத்தில் மிதக்கவிட்டார்கள். அத்தனை வலுவான புலத்திலிருந்தும் தவளை நலமாக வெளியே வந்தது. வைத்தியசாலைகளில் எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் 1.5 அல்லது 3 டெஸ்லா புலத்தில் நோயாளிகள் நெடுநேரம் படுத்திருக்கிறார்கள். அவர்கள் உடலிலும் பாதிக்கு மேல் தண்ணீர்தான். குழாயில் கட்டும் காந்தம் அந்த வலுவுக்குக் கிட்டவும் வராது.

எதிர்த்தரப்பிடம் ஆதாரமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கொதிகலன் குழாய்களில் படியும் சுண்ணாம்பைக் காந்தம் குறைக்கும் என்று 1945இல் பெல்ஜியத்தில் காப்புரிமை பெறப்பட்டது. சுண்ணாம்புப் பளிங்குகளின் வடிவத்தில் மாற்றம் கண்டதாகச் சொல்லும் ஆய்வுகளும் உண்டு. அது படிவைப் பற்றிய விடயம், பயிரைப் பற்றியதல்ல. 2009இல் அவுஸ்திரேலியாவில் மகேஷ்வரி, கிரேவால் என்ற இரு ஆய்வாளர்கள் கண்ணாடிக் கூடத்தில் வளர்த்த செலரியிலும் ஒருவகைப் பட்டாணியிலும் சில நீர்வகைகளில் விளைச்சல் கூடியதாக எழுதினார்கள். விற்பவர்கள் அதைக் காட்டுகிறார்கள். வயலில் மேலும் சோதித்துப் பார்த்த பின்பே பயன் தெளிவாகும் என்று அதே ஆய்வாளர்கள் எழுதியதை மட்டும் காட்டுவதில்லை.

“நானே செய்து பார்த்தேன், பலித்தது” என்பவர்களுக்குத்தான் நான் முக்கியமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. இரண்டு சட்டிகளை வைத்தால், காந்தத்துக்கு எந்தப் பலனும் இல்லாவிட்டாலும், ஏதோ ஒரு சட்டியில் செடி உயர்ந்துதான் நிற்கும். அது காந்தச் சட்டியாக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு. நூறு பேர் செய்தால் ஏறத்தாழ ஐம்பது பேருக்குப் ‘பலிக்கும்’. அந்த ஐம்பது பேரும் படம் எடுத்துப் பகிர்வார்கள். மற்ற ஐம்பது பேரும் பேசாமல் இருந்துவிடுவார்கள். நாம் காண்பது ஐம்பது சாட்சிகளை. உண்மையில் அது வெறும் தற்செயல். இதோடு மனித மனமும் சேர்கிறது. எந்தச் சட்டியில் நம்பிக்கை வைத்தோமோ அதற்கு ஒரு கை தண்ணீர் கூடுதலாகப் போகும், வெயில் பார்த்து நகர்த்தப்படும்.

இதற்கு மருந்தை விவசாயப் புள்ளியியல் கண்டுபிடித்து நூறாண்டாகிறது. தேநீரில் முதலில் ஊற்றியது பாலா தேயிலைச் சாயமா என்று சுவையில் சொல்லிவிடுவேன் என்ற பெண்மணியைச் சோதிக்க, புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் எட்டுக் கோப்பைகளைக் கலைத்து வைக்கும் முறையை வகுத்தார். நான்கு நான்காக எட்டையும் குருட்டடியாகச் சரியாகப் பிரிப்பதற்கு 70இல் ஒரு வாய்ப்புத்தான். அந்தக் கண்டிப்பு நம் தோட்டத்திலும் வேண்டும். ஒரே பொதியிலிருந்து கௌபி விதை, ஒரே மண், இருபது பைகள். பத்துக்குக் காந்தம் கடந்த தண்ணீர், பத்துக்குச் சாதாரணத் தண்ணீர். இரண்டும் ஒரே கிணற்றில், ஒரே வேளையில் எடுத்தவை. எந்த வாளி எது என்பதை வேறொருவர் மட்டும் அறிந்திருக்க, ‘அ’, ‘ஆ’ என்று எழுதி வைக்கட்டும். பைகளின் இடத்தைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானியுங்கள். ஊற்றும் அளவு ஒன்றாக இருக்கட்டும். அறுவடையை நிறுத்து எழுதிய பிறகே இரகசியத்தைத் திறவுங்கள். பிறகு இன்னொரு போகம் திரும்பச் செய்யுங்கள். பாடசாலை விவசாயப் பாடத்துக்கு இதைவிட நல்ல செயற்பாடு கிடையாது.

சோதிக்காமல் ஏற்பதன் விலை நமக்குப் புதிதல்ல. 2021இல் இரசாயன உர இறக்குமதி நாடு முழுவதற்கும் ஒரேயடியாகத் தடைசெய்யப்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே அது கைவிடப்பட்டது. அந்தத் தடையின் சுமை விவசாயியின் வயலிலும் ஏழையின் அடுப்பிலும் விழுந்தது. உர விலை ஏறிய பின் எளிய வழி சொல்பவர் எவரையும் நம்பும் நிலைக்கு மக்கள் வந்ததும் இயல்பே. அந்தத் தவிப்பை விலையாக்குவதுதான் என்னைக் கோபப்படுத்துகிறது.

மணல் நிலத்துக்குச் செய்ய வேண்டியவை தெரிந்தவைதான். மாட்டெருவும் கூட்டெருவும் தும்புத்தூளும் போட்டு ஈரத்தைப் பிடித்து வையுங்கள். வைக்கோலால் மூடாக்கு இடுங்கள். மாரியில் கூரை நீரைச் சேமியுங்கள். சொட்டுச் சொட்டாக நீர் விடுங்கள், அளவோடு இறையுங்கள். உவர் கூடிய வளவில் போஞ்சியை விட்டுக் கௌபியையும் பீட்ரூட்டையும் நடுங்கள். உங்கள் கிணற்றுநீரின் உவரை ஒருமுறை அளந்து பாருங்கள். விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது; இந்தக் கேள்வியை அவர்கள் வயலில் வைத்துச் சோதித்து, முடிவைத் தமிழில் ஊருக்குச் சொல்ல வேண்டும்.

அதுவரை, காந்தக் கருவி விற்க வருகிறவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: எந்த வாளி எது என்று தெரியாமல் ஊற்றி, நிறுத்துப் பார்த்த கணக்கு எங்கே? அதைக் காட்டாதவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.