நடைபாதையில் தமிழ் எழுத்துக்கு இடமில்லையா?

சிசிலித் தீவின் தலைநகர் பலெர்மோவிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தொலைவில் அமைந்துள்ள நகரம் பகேரியா. பழைய பிரபுக்களின் மாளிகைகளால் பெயர்பெற்ற ஊர். 1715 இல் கட்டத் தொடங்கப்பட்ட பலகோனியா மாளிகையின் மதில்கள் மீது கோர உருவம் கொண்ட கற்சிலைகள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. அவற்றை நிறுத்துவதற்கு எந்த நகரசபையிடமும் எவரும் விண்ணப்பம் கொடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் அதே நகரின் கோர்சோ உம்பேர்த்தோ வீதியில் இடுப்பளவு உயரமுள்ள ஒரு தகரப்பெட்டியை வைத்து, அதனுள் இருபது தமிழ்ப் பத்திரிகைகளை அடுக்க விரும்பும் ஒருவர் நகரசபையின் படிகளில் ஏறியே ஆகவேண்டும்.

ஏறச் சொல்வது அநீதியன்று. தமிழர் ஏறாமலே இருப்பதுதான் இங்கே பேசப்பட வேண்டிய விடயம்.

பலெர்மோவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் 1980களிலிருந்து ஈழத்தமிழர் வாழ்ந்து வருகின்றனர். வீட்டுப் பணியிலும் முதியோர் பராமரிப்பிலும் உழைத்துப் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியிருக்கின்றனர். சாந்த ரொசாலியாவின் மலைக்கோயிலுக்கு நடந்து ஏறும் தமிழரைப் பலெர்மோ மக்கள் நன்கு அறிவர். ஆயினும் இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னரும் தமிழ் எழுத்தை எங்கே காண முடிகிறது? பலசரக்குக் கடையின் அரிசி மூட்டைகளுக்கு அருகே, கோயில் வாசலில், தேவாலயத்தின் கடைசி வாங்கில், தமிழ்ப் பள்ளியின் மேசையில். அதாவது, தமிழர் மட்டுமே நுழையும் கதவுகளுக்குப் பின்னால். பாரிஸ், இலண்டன், ரொறன்ரோ எங்கும் பெரும்பாலும் இதே கதைதான். ஸ்காபுரோவின் இலவசத் தமிழ் வார இதழ்கள்கூடத் தமிழ்க் கடைகளின் வாசலை நம்பியே வளர்ந்தன.

தாயகத்தில் நிலைமை இப்படி இருக்கவில்லை என்பதைப் பெற்றோர் மறந்திருக்க முடியாது. யாழ்ப்பாணத்தின் சந்திகளில் சனசமூக நிலையங்கள் இருந்தன. நீண்ட மேசையொன்றில் அன்றைய பத்திரிகைகள் விரிந்து கிடக்கும். கடைக்குப் போனவரும் பேருந்துக்குக் காத்திருந்தவரும் உள்ளே வந்து ஒரு பக்கத்தைப் படித்துவிட்டுப் போவர். ஒரு தாளை நால்வர் பங்கிட்டுப் படிப்பதும் உண்டு. தெருவில் போகிறவனுக்கும் எழுத்து எட்டவேண்டும் என்ற எண்ணமே அந்த நிலையங்களைக் கட்டியது. நடைபாதைப் பத்திரிகைப் பெட்டி செய்வதும் அதே வேலையைத்தான்.

இனிச் சட்டத்துக்கு வருவோர் முதலில் அறியவேண்டியது, இத்தாலியின் 1992 ஆம் ஆண்டு வீதிச் சட்டக்கோவையின் 20 ஆம் உறுப்புரையாகும். குடியிருப்புப் பகுதிகளில் கூண்டுக்கடை, பத்திரிகைக் கடை, பிற அமைப்புகள் ஆகியன நடைபாதையின் அகலத்தில் பாதிக்கு மேல் பிடிக்கலாகாது. கட்டடத்தை ஒட்டியே நிற்கவேண்டும். பாதசாரிகளுக்குக் குறைந்தது 2 மீற்றர் அகலம் விடப்படவேண்டும் என்று அது விதிக்கிறது. வரலாற்றுச் சிறப்புள்ள பகுதிகளில், நடமாட்டம் குறைந்தவர்களின் வழியைக் காத்து, நகரசபை வேறு அளவையும் அனுமதிக்கலாம். பொது நிலத்தைப் பயன்படுத்துவதற்கான கட்டணம் 2021 முதல் ஒரே கட்டணமாக்கப்பட்டுள்ளது.

இந்த 2 மீற்றரைத் தமிழர் எதிர்க்கவேண்டிய தேவை இல்லை. எதிர்க்கவும் கூடாது. சிசிலியின் குறுகிய நடைபாதையில் இத்தாலிய மூதாட்டியின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகிறவர் பல வேளைகளில் ஒரு தமிழ்ப் பெண்ணே. வழியை மறிக்கும் பெட்டி முதலில் மறிப்பது அவரைத்தான்.

ஆனால் இடத்தை அளக்கும் விதி வேறு, எழுத்தை அளக்கும் விதி வேறு. முதலாவதன் போர்வைக்குள் இரண்டாவது நுழைவதை உலகெங்கும் காணலாம்.

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் லேக்வூட் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. பொது நிலத்தில் பத்திரிகைப் பெட்டி வைக்கும் அனுமதியை ஆண்டுதோறும் வழங்கவோ மறுக்கவோ அதன் நகரபிதாவுக்கு ஒரு விதி அதிகாரம் அளித்தது. தேவையென்றும் நியாயமென்றும் அவர் கருதும் நிபந்தனைகளை எல்லாம் அவர் சேர்க்கலாம். 'பிளெயின் டீலர்' நாளேடு வழக்குத் தொடுத்தது. 1988 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 4 க்கு 3 என்ற பெரும்பான்மையில் அந்த விதியைச் செல்லாததாக்கியது. நகரபிதா எந்தப் பத்திரிகையையும் தடுத்தார் என்பதன்று அங்கே குற்றச்சாட்டு. வரம்பில்லாத விருப்புரிமை ஒருவர் கையில் இருந்தாலே போதும், பத்திரிகை ஆசிரியர் தம் பேனாவைத் தாமே அடக்கிக்கொள்வார் என்பதே தீர்ப்பின் சாரம். அடுத்த ஆண்டு அனுமதி வேண்டுமல்லவா!

அதே மாநிலத்தின் சின்சினாட்டி நகரசபை 1990 இல் வேறொரு வழியைக் கைக்கொண்டது. பாதுகாப்பையும் நகர அழகையும் காரணம் காட்டி, வணிகத்தன்மை கொண்ட இரு வெளியீடுகளின் 62 பெட்டிகளை அகற்றச் சொன்னது. நகரில் அப்போது மொத்தம் 1,500 க்கும் 2,000 க்கும் இடைப்பட்ட பெட்டிகள் இருந்தன. எஞ்சிய அத்தனையும் அழகாக நிற்க, இந்த 62 மட்டும் எப்படி நகரை அலங்கோலப்படுத்தின? 1993 இல் உச்ச நீதிமன்றம் நகரசபைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

இத்தாலியில் இந்த 'அழகு' வாதத்துக்குத் 'தெக்கோரோ உர்பானோ' என்று பெயர். நகரின் மதிப்பும் ஒழுங்கும் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். உணவகத்தின் மேசைகள் நடைபாதைக்கு வரும்போது எங்கும் இச்சொல் அவ்வளவு உரக்கக் கேட்பதில்லை. விளம்பரப் பலகை எழும்போதும் கேட்பதில்லை. ரொறன்ரோ மாநகரசபையோ 2007 இல் பேருந்துத் தரிப்பு நிழற்குடைகளுடன் பத்திரிகைப் பெட்டிகளையும் சேர்த்து ஒரு விளம்பர நிறுவனத்திடம் 20 ஆண்டு ஒப்பந்தத்தில் ஒப்படைத்தது. அழகும் விளம்பரமும் அங்கே சமாதானமாகிவிட்டன போலும்.

இத்தாலியச் சட்டத்தில் தமிழருக்குச் சாதகமானவை ஏராளம் உள்ளன. அவற்றுள் முதன்மையானது ஒரு தீர்ப்பு. பாசிச ஆட்சி 1931 இல் கொண்டுவந்த பொதுப் பாதுகாப்புச் சட்டத்தின் 113 ஆம் உறுப்புரை, காவல்துறையின் அனுமதியின்றித் தெருவில் ஒரு துண்டுப்பிரசுரத்தைக்கூடக் கொடுக்க விடவில்லை. பாசிசம் வீழ்ந்து புதிய அரசியலமைப்பு வந்த பின்னரும் அது உயிருடனேயே இருந்தது. இத்தாலிய அரசியலமைப்பு நீதிமன்றம் 1956 இல் தன் பணியைத் தொடங்கியபோது எடுத்துக்கொண்ட முதல் வழக்கே இதுதான். பத்திரிகையை முன்னனுமதிக்கு உட்படுத்தலாகாது என்ற 21 ஆம் உறுப்புரையின் முன் அந்தப் பழைய தடை நிற்காது என்று 1956 ஜூன் 14 இல் வெளியான முதலாம் இலக்கத் தீர்ப்பு கூறியது. அத்துடன், சுவரொட்டிகள் எங்கே ஒட்டப்படலாம் என்று குறிப்பிடும் உரிமையை மட்டும் அத்தீர்ப்பு அதிகாரிகளிடமே விட்டுவைத்தது. எங்கே என்று நகரசபை கேட்கலாம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கலாகாது.

தமிழ் இளையோர் அந்த மாதத்தை இன்னொரு காரணத்துக்காகவும் நினைவில் கொள்ளவேண்டும். அதே 1956 ஜூன் மாதத்தில்தான் கொழும்பு நாடாளுமன்றத்தில் தனிச் சிங்களச் சட்டமூலம் கொண்டுவரப்பட்டது. ஜூன் 5 இல் காலிமுகத்திடலில் அறவழியில் அமர்ந்திருந்த தமிழர் தாக்கப்பட்டனர். ஒரு தீவில் ஒரு மொழிக்குக் கதவு அடைக்கப்பட்டுக்கொண்டிருந்த நாட்களில், மற்றொரு நாட்டில் ஒரு தாளை நீட்டுவதற்குக் கைகள் விடுவிக்கப்பட்டன. அடைத்த கதவிலிருந்து தப்பி வந்தவர்களே இன்று விடுவிக்கப்பட்ட கையைக் கட்டிக்கொண்டு நிற்கின்றனர்.

2001 ஆம் ஆண்டின் 170 ஆம் இலக்கச் சட்ட ஆணையும் கவனிக்கத்தக்கது. ஒரு சங்கமோ மதச் சமூகமோ தன் வெளியீட்டைத் தன் சொந்த இடத்தில் விற்பதற்கு அனுமதி தேவையில்லை என்று அது விலக்களித்தது. பத்திரிகைக் கடைகள் எல்லா ஏடுகளையும் சமமாக நடத்தவேண்டும் என்றும் விதித்தது. அந்தக் கடைகளோ கடந்த இருபது ஆண்டுகளில் இத்தாலியெங்கும் ஆயிரக்கணக்கில் மூடப்பட்டுவிட்டன. எனவேதான் பெட்டியின் தேவை முன்னையிலும் கூடியிருக்கிறது.

"நமக்கேன் வீண் வம்பு?" என்பது வீடுகளில் எழும் முதற் குரல். இது கோழைத்தனமன்று. பட்ட காயம் பேசுகிறது. 1981 இல் யாழ் நூலகம் எரிந்த அதே நாட்களில் 'ஈழநாடு' பத்திரிகை அலுவலகமும் எரிக்கப்பட்டது. 2013 ஏப்ரலில் யாழ்ப்பாணத்தில் 'உதயன்' நாளேட்டின் அச்சு இயந்திரம் ஆயுததாரிகளால் கொளுத்தப்பட்டது. பத்திரிகைக் கட்டைத் தூக்குவதே உயிராபத்தான ஊரிலிருந்து வந்தவர்கள் அஞ்சுவது இயல்பு. ஆனால் சிசிலியரும் இதை அறியாதவர் அல்லர். பலெர்மோவின் 'லோரா' நாளேட்டு அலுவலகத்தை 1958 ஒக்டோபரில் மாபியாக்கள் குண்டு வைத்துத் தகர்த்தனர். ஏடு மறுபடியும் வந்தது.

இரண்டாவது குரல் இளையோருடையது: "எல்லாம் கைப்பேசியில் இருக்கிறதே!" தேடுகிறவனுக்கு இருக்கிறது. தேடாதவனுக்கு எங்கே இருக்கிறது? தந்தையின் வாட்ஸ்அப் குழுவில் பதின்மூன்று வயது மகள் இல்லை. பாடசாலைக்குப் போகும் வழியில், இத்தாலியத் தோழிகளின் முன்னே, வீதியில் ஒரு தமிழ்த் தலைப்பை அவள் கண்டால், "இது என்ன எழுத்து?" என்று தோழி கேட்டால், பதில் சொல்ல அவளுக்கு ஒரு வாய்ப்புக் கிடைக்கும். பகேரியா இதைப் புரிந்துகொள்ளக்கூடிய ஊர். 1899 இல் இங்கே பிறந்த கவிஞர் இஞ்ஞாத்சியோ புத்தித்தா அரச மொழியான இத்தாலியத்தை விட்டுத் தாய்மொழியான சிசிலியத்திலேயே பாடினார். மொழி பறிபோன மக்களைப் பற்றிய அவரது கவிதை சிசிலி முழுவதும் அறியப்பட்டது.

தமிழர் அமைப்புகள் தங்கள் பக்கத்துத் தவறுகளையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கேட்டுக்கேள்வியின்றித் தேவாலயப் படிகளில் கட்டுக்கட்டாக எறிந்துவிட்டுப் போவது, மழையில் ஊறிய தாள்களை வாரக்கணக்கில் அகற்றாமல் விடுவது, விழாச் சுவரொட்டியைக் கண்ட மதிலிலும் ஒட்டுவது, இவையெல்லாம் உரிமைக் குரலை எடுக்குமுன்னே பலவீனப்படுத்தும். 1948 ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டம் ஒவ்வொரு அச்சுத்தாளிலும் இடமும் ஆண்டும் அச்சிட்டவர் பெயரும் முகவரியும் இருக்கவேண்டும் என்கிறது. இத்தாலியரின் மிகச் சாதாரணத் துண்டுப்பிரசுரத்தின் அடியிலும் அந்தச் சிறு வரி இருக்கும். காலம் தவறாது வரும் ஏடாயின் நீதிமன்றத்தில் பதிவும் பொறுப்பாசிரியரும் தேவை. பொறுப்பாசிரியர் இத்தாலியக் குடியுரிமை உடையவராக இருக்கவேண்டும் என்று அச்சட்டம் எழுதியது. ஐரோப்பிய ஒன்றியத்தவருக்குப் பின்னர் அது தளர்த்தப்பட்டது. இத்தாலியில் பிறந்து இடையறாது வளரும் பிள்ளை, 18 வயதானதும் ஓராண்டுக்குள் அறிவித்துக் குடியுரிமை பெறலாம். அந்த ஓராண்டைத் தவறவிடும் குடும்பங்கள் இந்தத் தகுதியையும் கைநழுவ விடுகின்றன.

விண்ணப்பத்துக்கு உரிய காலத்துக்குள் விடை தரவும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரவும் சிசிலியின் 2019 ஆம் ஆண்டு 7 ஆம் இலக்கப் பிராந்தியச் சட்டம் நகரசபையைக் கட்டுப்படுத்துகிறது. நடைபாதையின் அகலத்தை அறிய ஓர் அளவுநாடா போதும். பெட்டி நிற்கும் இடத்தின் வரைபடத்தையும், அதை வாரந்தோறும் துப்புரவாக்கப் போகும் சங்கத்தின் பெயரையும் இணைத்துக் கொடுக்கலாம். விண்ணப்பத்தை இத்தாலிய மொழியில் பிழையின்றி எழுதப் பிள்ளைகளுக்குத் தெரியும்.