சங்கத்துக் கணிப்பொறியும் அழையா விருந்தினரும்

"சங்கத்தின் கணிப்பொறி மிகவும் தாமதமாக இயங்குவதால் புதியதொன்று வாங்க அனுமதிக்கலாம்" என்னும் தீர்மானம் இப்பொழுது நமது புதுவையில் பல சங்கங்களின் மினிட் புத்தகத்தில் இடம்பெற்று வருகிறது. அதனை ஆட்சேபிக்கும் அங்கத்தினர் அரியர். தறியை நிறுத்திவிட்டு, நூல் பெறவோ கூலிக் கணக்கு முடிக்கவோ முத்தியால்பேட்டையிலிருந்து வருபவர் ஒரு மணி நேரம் வரிசையில் நிற்க நேர்ந்தால், அன்றைய நெசவில் ஒரு முழம் குறைந்தது என்றே பொருள். அவர் புதிய பொறி வேண்டும் என்று கையுயர்த்துவதில் வியப்பில்லை.

எனினும், பழைய பொறியைப் பத்து நிமிடம் சோதித்துப் பாராமல் அங்கத்தினர் பணத்தில் புதியது வாங்கலாகாது என்பது நமது கருத்து.

பொறியில் ஏற்றப்படும் புரோகிராம்களில் பல, பொறியைத் தொடங்கிய கணமே நாம் அழையாமலே தாமும் எழுந்துகொள்கின்றன. அச்சுப்பொறியின் மை அளவைக் காட்ட ஒன்று, புதிய பதிப்பு வந்ததா என்று விசாரிக்க ஒன்று, அரட்டைக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று. திரையில் இவை தோன்றுவதில்லை. பின்னணியில் நின்று நினைவகத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. நினைவகம் நிறைந்ததும், மிச்சத்தை விண்டோஸ் வட்டுக்கு மாற்றி மாற்றி எடுக்கிறது. சுழலும் பழைய வட்டோ நினைவகத்தைவிடப் பன்மடங்கு மெதுவானது. பாகூர்ப் பக்கத்து விவசாயிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பங்காரு வாய்க்காலில் தண்ணீர் வந்தும், வழியிலுள்ள மடைகளெல்லாம் திறந்து கிடந்தால் கடைமடை காயத்தானே செய்யும்? நமது கணக்குப் புரோகிராம்தான் இங்கே கடைமடை.

திறந்த மடைகளைக் காண்பது எளிது. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'ஸ்டார்ட்டப்' என்னும் பகுதியில் தாமே எழும் புரோகிராம்களின் பட்டியலும், ஒவ்வொன்றும் தொடக்கத்தை எவ்வளவு தாமதப்படுத்துகிறது என்பதும் 'ஹை', 'மீடியம்', 'லோ' எனக் குறிக்கப்பட்டிருக்கும். வேண்டாததன்மேல் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி 'டிஸேபிள்' என்பதைத் தேர்ந்தால் போதும். அப்புரோகிராம் அழிந்துவிடுமோ என்று எழுத்தர்கள் அஞ்சுகிறார்கள். அழியாது, தேவைப்படும்பொழுது நாமே திறந்துகொள்ளலாம், பழைய நிலைக்கும் மீட்கலாம்.

ஆனால் வேகத்தின்மீதுள்ள ஆசையால் எல்லாவற்றையும் நிறுத்திவிடுதல் பெருந்தவறு. வைரஸ் தடுப்பு, கைரேகைக் கருவிக்கும் டிஜிட்டல் கையொப்பச் சாவிக்கும் உரியவை, இ-கலப்பை போன்ற தமிழ்த் தட்டச்சுப் புரோகிராம் ஆகியவை நிற்க வேண்டும். கணக்குகளைத் தானே நகலெடுத்து வைக்கும் புரோகிராம் இருப்பின் அதன்மேல் கை வைக்கவே கூடாது. அதை நிறுத்தினால் எவருக்கும் தெரியாமல் நகல் நின்றுபோகும். வட்டு பழுதாகும் நாளில்தான் உண்மை வெளிப்படும். இன்னது எதற்கென்று விளங்காத பெயரைத் தீர விசாரிக்கும்வரை விட்டுவைப்பதே முறை.

ஒரு சங்கத்தில், புதுப் பொறிக்கான தீர்மானம் நிறைவேறும் தறுவாயில் நாம் இச்சோதனையைச் செய்வித்தோம். ஒரு டஜனுக்கு மேற்பட்டவை எழுந்து நின்றன. அவற்றுள் இரண்டு வைரஸ் தடுப்புகள் ஒன்றையொன்று சந்தேகித்துக்கொண்டிருந்தன! பழுதுபார்க்க வந்தவர்களெல்லாம் ஏதேனும் ஒன்றை ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள், எழுத்தர்மேல் குற்றமில்லை. ஒரு தடுப்பை அகற்றி, வேண்டாதவற்றை நிறுத்தியபின் தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. பொறியை விரைவுபடுத்துவதாக விளம்பரம் செய்யும் இலவசப் புரோகிராம்களும் அங்கே இரண்டு இருந்தன. அவையும் பின்னணியில் நின்று உண்பவையே. அவற்றை ஏற்ற வேண்டாம்.

மாலையில் 'ஷட் டவுன்' செய்துவிட்டால் பொறி முழுதும் ஓய்வு கொண்டது என்று கருதுகிறோம். விண்டோஸ் 8 முதற்கொண்டு பெரும்பாலான பொறிகளில் அவ்வாறன்று. மறுநாள் விரைந்து எழும் பொருட்டு உள்நிலையின் ஒரு பகுதி வட்டில் சேமிக்கப்படுகிறது. புதிதாய்த் தொடங்க வேண்டுமாயின் வாரம் ஒருமுறையேனும் 'ரீஸ்டார்ட்' கொடுத்தல் நலம்.

இவ்வளவுக்குப் பிறகும் பொறி அசையாவிடில்? சுழலும் வட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. பொருத்தி, நினைவகத்தையும் கூட்டிப் பார்க்கலாம்; புதுப் பொறியின் விலையில் ஒரு பகுதியே செலவாகும். ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14 உடன் முடிவுற்றன. விண்டோஸ் 11-ஐ ஏற்கும் தகுதியற்ற பழம்பொறியில் அங்கத்தினர் கணக்கை வைத்திருப்பது அபாயம். அத்தகைய சங்கத்தின் தீர்மானத்தை நாமும் ஆதரிப்போம். 2022 ஜூன் 29 அன்று மத்திய மந்திரிசபை ரூ.2,516 கோடி மதிப்பில் அனுமதித்த கணினிமயத் திட்டம் 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களுக்கானது. நெசவாளர் சங்கங்களுக்கு அது அன்று என்பதால், அவற்றின் நிர்வாக சபையார் இன்னும் சிக்கனமாக இருக்க வேண்டியவர்கள்.

ரொக்கப் பெட்டிச் சாவி காரியதரிசியிடம் இருப்பதுபோல், புரோகிராம் ஏற்றும் கடவுச்சொல்லும் அவரிடமே இருத்தல் வேண்டும். தொடக்கத்தில் எழுபவை எவை, எவர் ஏற்றினார், எதற்காக என்று ஒரு தாளில் எழுதிப் பொறியின் அருகில் ஒட்டி வைக்கலாம். அடுத்த ஆய்வுக்கு வரும்பொழுது ரொக்கப் புத்தகத்துடன் அத்தாளையும் நாம் கேட்போம்.