கையெழுத்துக்கு முன் ஒரு பயிற்சி

கரிசல் காட்டு விவசாயிக்கு மண்ணைப் பற்றிப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்த மழைக்கு ஏர் பூட்டுவது, எந்த ஈரத்தில் உளுந்து விதைப்பது என்பதெல்லாம் எட்டயபுரம், கோவில்பட்டி, விளாத்திகுளம் வட்டாரங்களில் தலைமுறை தலைமுறையாக வந்த அறிவு. போதாததற்கு, கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901-ஆம் ஆண்டிலிருந்து மானாவாரிப் பயிர்களில் ஆராய்ச்சி செய்து, பருத்தி, சோளம், கம்பு, பயறு ஆகியவற்றில் நல்ல ரகங்களைக் கொடுத்து வந்திருக்கிறது. கோடை உழவு முதல் விதை நேர்த்தி வரை பயிற்சிக்கும் குறைவில்லை.

விளைந்ததை விற்கும் இடத்தில்தான் குறை. அதிலும் ஒரு பயிற்சி இன்னும் சிறு விவசாயியின் வாசலுக்குச் சரியாக வந்து சேரவில்லை. அது ஒப்பந்தப் பத்திரத்தைப் படித்துப் புரிந்துகொள்ளும் பயிற்சி.

முன்பெல்லாம் வியாபாரி அச்சாரம் கொடுப்பார்; வாய்ச்சொல்லே பத்திரம். இன்று மக்காச்சோளம் கோழித்தீவன ஆலைக்கும், உளுந்து பருப்பு ஆலைக்கும், வத்தல் மசாலாக் கம்பெனிக்கும் போகிறது. ஆலைக்குக் குறித்த நாளில், குறித்த தரத்தில் சரக்கு வந்தாக வேண்டும். ஆகவே விதைக்கும் முன்பே எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளும் முறை பரவி வருகிறது. விலை விழும் காலத்தில் இது விவசாயிக்கும் நல்லதே.

ஆனால் மேஜையின் இரு பக்கமும் சமமாக இல்லை. கம்பெனி தரப்பில் கொள்முதல் மேலாளர், வக்கீல், கணக்கர் என்று பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஒப்பந்த நிர்வாகம் என்பது இன்று தனியொரு தொழிற்கல்வி. இந்தப் பக்கம் கையெழுத்திடுபவர் இரண்டு ஏக்கர் மானாவாரிக்காரர். தவறு நேர்ந்தால் கம்பெனிக்கு ஒரு லாரிச் சரக்கு நஷ்டம். இவருக்கு ஒரு வருஷத்து ஜீவனம்.

சட்டம் இருந்தால் போதுமா?

சட்டம் இல்லாமலில்லை. மத்திய அரசு 2018-ல் வெளியிட்ட மாதிரிச் சட்டத்தை ஒட்டி, ஒப்பந்தப் பண்ணையத்துக்கெனத் தமிழ்நாடு 2019-ல் தனிச்சட்டம் கொண்டுவந்தது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதற்கும், தகராறு எழுந்தால் தீர்ப்பதற்கும் அதில் வழி உண்டு. 2020-ல் மத்திய அரசு கொண்டுவந்த ஒப்பந்தச் சட்டம், விவசாயிகளின் நீண்ட போராட்டத்துக்குப் பின் 2021-ல் மற்ற இரு வேளாண் சட்டங்களுடன் திரும்பப் பெறப்பட்டது. சட்டம் வரலாம், போகலாம். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது தெரியாதவருக்கு எந்தச் சட்டமும் பாதித் துணைதான்.

பரப்புக்கா, அளவுக்கா?

மானாவாரி விவசாயி முதலில் பார்க்க வேண்டிய ஷரத்து இது. "20 குவிண்டால் உளுந்து தருகிறேன்" என்று எழுதுவது வேறு. "இன்ன கிராமம், இன்ன சர்வே எண், 5 ஏக்கரில் விளைவதைத் தருகிறேன்" என்று எழுதுவது வேறு. வடகிழக்குப் பருவமழை பொய்த்து 8 குவிண்டால்தான் விளைந்தது என்றால், முதல் வகையில் மீதி 12 குவிண்டாலுக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலை வரலாம். இரண்டாவது வகையில் விளைந்ததைக் கொடுத்தால் கடமை முடிந்தது.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரிது என்பதைக் காட்ட இங்கிலாந்தில் ஒரு பழைய வழக்கு உண்டு. லிங்கன்ஷயர் பகுதி விவசாயி ஒருவர், தம்முடைய நிலத்தில் விளையும் உருளைக்கிழங்கில் 200 டன் தருவதாக 1872-ல் ஒப்பந்தம் செய்தார். கருகல் நோய் தாக்கி, ஏறத்தாழ 80 டன்தான் தேறியது. வாங்கியவர் மீதிக்கு நஷ்டஈடு கேட்டார். குறிப்பிட்ட நிலத்தில் விளைவதைப் பற்றிய ஒப்பந்தம் இது. விவசாயியின் குற்றமின்றிப் பயிர் அழிந்ததால் மீதிக்கு அவர் பொறுப்பல்ல என்று 1876-ல் மேல்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவரைக் காப்பாற்றியது பத்திரத்தில் இருந்த நிலத்தின் பெயர்.

அதே 1872-ல் இயற்றப்பட்ட நம் நாட்டு ஒப்பந்தச் சட்டத்தின் 56-வது பிரிவும், பின்னர் செய்ய இயலாமற்போன காரியத்துக்கு ஒருவரைக் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் கோர்ட்டு ஏறி அதை நிரூபிப்பதைவிட, சர்வே எண்ணை முதலிலேயே எழுதிக்கொள்வது எளிது. மழை பொய்த்தாலோ, அறுவடை நேரத்தில் அடை மழை பிடித்தாலோ, படைப்புழு போன்றவை தாக்கினாலோ யார் வயலைப் பார்த்துச் சான்று தருவது, கம்பெனி கடனாகக் கொடுத்த விதைக்கும் உரத்துக்கும் யார் பொறுப்பு என்பதையும் அத்துடன் எழுத வேண்டும்.

ஈரப்பதக் கணக்கு

விலையைப் பேசும்போது காட்டும் அக்கறையை எடையில் பலரும் காட்டுவதில்லை. ஓர் எளிய கணக்கைப் பார்க்கலாம். மக்காச்சோளத்துக்கு 14 சதவீத ஈரப்பதம் என்று பேச்சு. சரக்கில் 18 சதவீதம் இருக்கிறது. இந்த 100 கிலோவை 14 சதவீதத்துக்குக் காய வைத்தால் 95.35 கிலோ நிற்கும். ஆகவே நியாயமான கழிவு 4.65 கிலோ. "கூடுதலாக உள்ள ஒவ்வொரு சதவீதத்துக்கும் 2 கிலோ கழிவு" என்று பத்திரத்தில் இருந்தால் 8 கிலோ போய்விடும். குவிண்டாலுக்கு 3.35 கிலோ அநியாய நஷ்டம். 20 குவிண்டாலில் இது 67 கிலோ. குவிண்டால் 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 1,340 ரூபாய், ஒரே ஒரு வரியில் போய்விடுகிறது. இந்தக் கணக்குத் தெரிந்தவர் அந்த வரியைத் திருத்தக் கேட்பார். அல்லது இன்னும் இரண்டு நாள் களத்தில் காய வைப்பார்.

தரம் பார்க்கும் இடமும் முக்கியம். சரக்கு லாரியில் நாமக்கல் வரை போய், அங்கே ஆலை வாசலில் "தரம் இல்லை" என்றால், வாடகை கொடுத்துத் திருப்பிக் கொண்டுவர யாரால் முடியும்? சொன்ன விலைக்கு இறக்க வேண்டியதுதான். ஆகவே களத்திலேயே தரம் பார்த்து, எடை போட்டு, ரசீது தர வேண்டும். மாதிரியை மூன்று பையில் எடுத்து, ஒன்று விவசாயியிடம், ஒன்று கம்பெனியிடம், ஒன்று இருவரும் கையெழுத்திட்டு முத்திரையிட்டு மூன்றாமவரிடம் இருந்தால் தகராறில் பாதி தீரும்.

மீதியுள்ளவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். பத்திரம் தமிழில் இருக்க வேண்டும். ஒரு பிரதி விவசாயி வீட்டில் இருக்க வேண்டும். எடை போட்ட எத்தனையாவது நாளில் பணம், தாமதித்தால் என்ன வட்டி என்பது எழுதப்பட வேண்டும். வழக்கு வந்தால் தொலைதூர நகரத்துக் கோர்ட்டில்தான் என்ற ஷரத்துக்குச் சம்மதிக்கக் கூடாது.

விவசாயியின் கடமை

ஒப்பந்தத்தை முறிப்பது கம்பெனி மட்டும் என்று சொல்வது நியாயமாகாது. வெளிச்சந்தையில் விலை ஏறியதும், ஒப்பந்தச் சரக்கை இரவோடு இரவாக வேறு வியாபாரிக்கு ஏற்றிவிடுவதும் நடக்கிறது. ஒருவர் செய்யும் இக்காரியத்தால், மறு வருஷம் அந்த ஊர்ப்பக்கமே கம்பெனி வராமல் போகலாம். சொன்ன சொல்லைக் காப்பதும் பயிற்சியின் ஒரு பாடமாக இருக்க வேண்டும்.

இந்த ஆசையை முளையிலேயே கிள்ளவும் ஷரத்திலேயே வழி உண்டு. ஒரே நிலையான விலைக்குப் பதிலாக, விலை விழுந்தாலும் குறையாத அடிவிலை ஒன்றை வைத்து, ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் அன்றைய விலை அதைத் தாண்டினால் கூடுதலில் ஒரு பங்கு விவசாயிக்கு என்று எழுதலாம். இருவருக்கும் லாபம் தரும் ஒப்பந்தமே நிலைக்கும்.

விவசாயிகளுக்கு இதையெல்லாம் கற்றுக்கொடுத்தால் கம்பெனிகள் மிரண்டு ஓடிவிடும் என்று சிலர் அஞ்சுவதுண்டு. புரியாமல் போட்ட கையெழுத்துதான் அறுவடையில் சண்டையாக முடிகிறது. நேர்மையாக வாங்க வருகிறவருக்குப் புரிந்து கையெழுத்திடும் விவசாயியே நல்ல கூட்டாளி. ஒப்பந்தப் பண்ணையத்துக்கெனச் சட்ட வழிகாட்டி நூல் ஒன்றை யுனிட்ராய்ட், உலக உணவு வேளாண்மை அமைப்பு, ஐஃபாட் ஆகிய மூன்று சர்வதேச அமைப்புகள் சேர்ந்து 2015-ல் வெளியிட்டன. உலக அளவில் யோசிக்கப்பட்டு எழுதப்பட்ட அந்த விஷயம் எட்டயபுரம் களத்துமேட்டுக்கு எளிய தமிழில் வர வேண்டும்.

எப்படிப் பயிற்சி தருவது?

ஒவ்வொரு விவசாயியும் வக்கீலாக வேண்டியதில்லை. தமிழக அரசின் கூட்டுப்பண்ணையத் திட்டத்தில் 20 பேர் கொண்ட ஆர்வலர் குழுக்கள் ஐந்து சேர்ந்து, 100 பேர் கொண்ட உற்பத்தியாளர் குழுவாக அமைக்கப்பட்டன. அத்தகைய ஒவ்வொரு 100 பேருக்கும் பத்திரம் படிக்கத் தெரிந்த இருவர் இருந்தால் போதும். அதில் ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது. களத்தில் காய வைப்பதும், தூற்றுவதும், மூட்டை கட்டுவதும் பெரும்பாலும் பெண்களின் கையில்தான் இருக்கின்றன.

மூன்று நாள் பயிற்சி போதும். முதல் நாள், உண்மையான ஒப்பந்தப் பத்திரம் ஒன்றை வரி வரியாக உரக்கப் படித்துப் பொருள் சொல்வது. இரண்டாம் நாள், ஈரப்பதமானி, தராசு, மாதிரி எடுக்கும் குத்தூசி ஆகியவற்றைக் கையில் கொடுத்துக் கணக்குப் போட வைப்பது. மூன்றாம் நாள், பாதிப் பேர் கம்பெனிக்காரராகவும் பாதிப் பேர் விவசாயிகளாகவும் உட்கார்ந்து பேரம் பேசிப் பார்ப்பது. வேளாண் பல்கலைக்கழகம், வேளாண் வணிகத் துறை, கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் ஆகிய மூன்றும் கைகோத்தால் இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. கம்பெனிகளின் கொள்முதல் அலுவலர்களையும் மூன்றாம் நாளுக்கு அழைக்கலாம்.

பயிற்சிக்கு ஏற்ற காலம் ஆனி, ஆடி. கோடை உழவு முடிந்திருக்கும். புரட்டாசி விதைப்புக்கு இன்னும் நாள் இருக்கும். கம்பெனிக்காரர் பத்திரத்துடன் வரும் முன் ஊர் தயாராக இருக்கும். பயிற்சி வரும் வரையிலும் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த ஆண்டு ஒப்பந்தம் பேசுகிறவர்கள், பத்திரத்தை ஒரு வாரம் வீட்டுக்குக் கேட்டு வாங்கட்டும். படித்த பிள்ளைகளை விட்டு உரக்கப் படிக்கச் சொல்லட்டும். சர்வே எண், கழிவு, தரம் பார்க்கும் இடம், பணம் வரும் நாள் ஆகிய நான்கும் தெளிவாக இருந்தால் கையெழுத்திடலாம். ஒரு வாரம் தர மறுக்கிற கம்பெனியாக இருந்தால், சரக்கை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கே கொண்டு போகலாம்.