கேப் போட்டதோடு சரி

பல்லுக்குக் கேப் போடப் போனபோது நாம் கேட்டவை இரண்டே கேள்விகள். எவ்வளவு ஆகும்? எத்தனை வருஷம் வரும்? எப்படித் துலக்குவது என்று கேட்கவில்லை. அவ்வளவு பணம் கொடுத்துப் போட்டது, அதற்கு என்ன வந்துவிடப் போகிறது என்ற நினைப்பு.

கேப்பின் பீங்கானுக்கு ஒன்றும் வராது என்பது பாதி உண்மை. உலையில் சுட்டு, மேல்பூச்சுக்கு மெருகேற்றித்தான் லேபிலிருந்து அனுப்புகிறார்கள். காபியும் வெற்றிலைச் சாறும் அதற்குள் இறங்காது. மேலே படிந்த அழுக்கில்தான் ஒட்டும். மிருதுவான பிரஷ்ஷும் சாதாரணப் பேஸ்ட்டும் போதும். நாமோ கேப் மங்குகிறதே என்று நறநறக்கும் பல்பொடியை எடுத்தோம், கரித்தூளில் உப்பைக் கலந்தோம், அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்ப்பதுபோல் தேய்த்தோம். மெருகு போய்ச் சொரசொரப்பானதும் கறை நன்றாகவே பிடித்தது. எதிர்வரிசையில் இருந்த சொந்தப் பல்லையும் அந்தச் சொரசொரப்பு தேய்த்தது. பழியை மட்டும் டாக்டர் தலையில் போட்டோம்.

தேய்க்க வேண்டிய இடத்தைத் தொடவே இல்லை. கேப்பும் ஈறும் சந்திக்கும் விளிம்பு அது. பீங்கான் சொத்தையாகாது, உள்ளே இருக்கும் நம் பல் ஆகும். சொத்தை பெரும்பாலும் நுழைவது அந்த விளிம்பு வழியாகத்தான். ரூட் கெனால் செய்த பல்லென்றால் கூச்சமோ வலியோ முன்கூட்டிச் சொல்லாது. முறுக்கைக் கடிக்கும்போது கேப் பல்லோடு முறிந்து கைக்கு வரும், அப்போதுதான் தெரியும். பல் போன இடத்துக்கு ப்ரிட்ஜ் போட்டவர்கள் பாடு இன்னும் மோசம். பொய்ப்பல்லுக்கு அடியில் நூலை விட்டு இழுக்கச் சொல்லித்தான் அனுப்பினார்கள். நாம் நம்பியது ஊக்கையும் துடைப்பக்குச்சியையும். ஈறு இறங்கி, கேப்புக்குள் இருக்கும் உலோகத்தின் ஓரம் கறுப்புக் கோடாகத் தெரிந்தபோது அதையும் கறை என்று சுரண்டிப் பார்த்தோம்.

நிறத்திலும் நாம் சொன்னபடிதான் நடக்க வேண்டும். டாக்டர் 16 சாயல்கள் வரிசையாகக் கோத்த அட்டையைப் பல்லருகே பிடித்து, ஏ3 பொருந்துகிறது என்பார். நாம் அதைவிட வெளுப்பான ஏ1-ஐக் காட்டுவோம். போட்டு முடிந்ததும் பக்கத்துப் பற்களெல்லாம் மஞ்சளாகத் தெரியும். பிறகு வெளுக்க ஓடுவோம். வெளுக்கும் பெராக்சைடு நம் பல்லில்தான் வேலை செய்யும். பீங்கானை அது ஒன்றும் செய்யாது. முதலில் வெளுத்து, இரண்டு வாரம் பொறுத்து, நிறம் நிலைத்த பிறகு அதற்கேற்ற கேப்பைப் போட வேண்டும். கல்யாணத் தேதி நெருங்கிவிட்டதால் தலைகீழாகச் செய்தோம். மிச்சப் பேர் எலுமிச்சையும் சோடா உப்பும் போட்டுத் தேய்த்தோம். அமிலத்தில் கரைந்த எனாமல் திரும்ப வளராது. அதன் அடியில் இருக்கும் டென்டின் இயல்பிலேயே மஞ்சள். வெள்ளைக்காகத் தேய்க்கத் தேய்க்க மஞ்சள்தான் வெளியே வந்தது.

நம் பல்லுக்குச் செய்தது இவ்வளவு. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் செய்தது வேறு. ஆழ்குழாய்த் தண்ணீரில் ஃப்ளோரைடு மிகுந்து, ஈறுக்குள் பல் உருவாகும்போதே அவர்கள் பற்களில் பழுப்புக் கறை ஏறிவிடுகிறது. எந்தப் பிரஷ்ஷுக்கும் அது போகாது. ஹாஸ்டல்களிலும் பெண் பார்க்கும் கூடங்களிலும் அவர்களைப் பார்த்து ‘பல்லு வெளக்க மாட்டியா?’ என்று கேட்டவர்கள் நாம்தான். அந்தப் பகுதிக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது 2013-இல். அதற்கு முன்பே பல் முளைத்துவிட்டவர்கள் இன்றும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள்.

கடைசியாக, பல் க்ளீன் பண்ணும் விஷயம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்னால் பத்து வருஷத்துக்கு ஒருமுறை, அதுவும் ஈறில் ரத்தம் வந்தால் போனோம். அதற்குள் பல்லில் கெட்டியாகப் படிந்த காரை ஈறுக்கடியில் இறங்கி, பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்திருந்தது. பற்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருந்ததே அந்தக் காரைதான். அதை எடுத்ததும் பல் ஆடியது. ‘க்ளீன் பண்ணினேன், நல்லா இருந்த பல்லு ஆடிப்போச்சு’ என்று பக்கத்து வீட்டில் சொன்னோம். அவர்களும் போகவில்லை.