வீசிங்கும் ஸ்டாப் பேமென்ட்டும்

2024-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு விக்டர் அம்ப்ரோஸ், கேரி ருவ்குன் என்ற இரண்டு அமெரிக்கர்களுக்குக் கிடைத்தது. மைக்ரோ ஆர்.என்.ஏ.வைக் கண்டுபிடித்ததற்காக. அதிலிருந்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி சுற்றிச் சுற்றி வருகிறது. "ஆஸ்துமாவுக்கு ஜீன் லெவல்லயே மருந்து வரப்போவுதாமே, அப்போ இந்த இன்ஹேலரை இப்பவே நிறுத்திடலாமா?" சென்னை, துபாய், டொரன்டோ என்று எல்லா ஊர் சொந்தங்களும் கேட்கிறார்கள். கேம்பல் பேயில் உட்கார்ந்திருக்கும் என்னைக் கேட்பதற்குக் காரணம், என் மகளுக்கும் வீசிங் உண்டு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிறுத்தக்கூடாது. ஏன் கூடாது என்பதற்கு அந்த மைக்ரோ ஆர்.என்.ஏ. ஆராய்ச்சியே நல்ல காரணம் தருகிறது.

எனக்குத் தெரிந்தது வங்கி. அதனால் வங்கி பாஷையிலேயே சொல்கிறேன். நம் செல்லில் இருக்கும் டி.என்.ஏ. என்பது லெட்ஜர். லெட்ஜரை யாரும் கவுன்ட்டருக்குத் தூக்கி வருவதில்லை. அதைப் பார்த்து ஒரு வவுச்சர் எழுதுவார்கள். அதுதான் மெசெஞ்சர் ஆர்.என்.ஏ. வவுச்சர் கேஷியரிடம் போனால் பணம் வரும். அந்தப் பணம்தான் புரதம். மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ன செய்கிறது? சுமார் 22 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டுச் சீட்டாக வந்து வவுச்சரில் ஒட்டிக்கொண்டு "ஸ்டாப் பேமென்ட்" சொல்கிறது. அவ்வளவுதான். 1993-ல் இதை ஒரு மில்லிமீட்டர் புழுவில் பார்த்தார்கள். ஏதோ புழுவின் சமாச்சாரம் என்று உலகம் விட்டுவிட்டது. 2000-ல் லெட்-7 என்ற ஒன்று மனிதன் வரைக்கும் இருக்கிறது என்று தெரிந்தபிறகுதான் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

சரி, நுரையீரலுக்கு வருவோம். தூசியோ பூஞ்சையோ உள்ளே போனால் உடம்பு படையை அனுப்புகிறது. ஐ.எல்.-13 போன்ற புரதங்கள் சுரந்து, மூச்சுக்குழாயின் உட்புறம் வீங்கி, சளி கட்டுகிறது. இதுதான் அழற்சி. கிருமி வந்தால் இது தேவைதான். ஆனால் வேலை முடிந்ததும் நிறுத்த வேண்டுமே? அந்த நிறுத்தும் வேலையில் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆஸ்துமாவிலும் சி.ஓ.பி.டி.யிலும் இவற்றில் சில அளவுக்கு மேல் ஏறியும் சில இறங்கியும் கிடக்கின்றன.

அப்படியென்றால் குறைந்ததை ஊற்றிவிட்டால் சரியாகிவிடாதா? தில்லி ஐ.ஜி.ஐ.பி. ஆய்வகத்தார் 2011-ல் எலிகளின் மூக்கு வழியாக லெட்-7ஐக் கொடுத்துப் பார்த்தார்கள். ஐ.எல்.-13 குறைந்தது, அழற்சியும் குறைந்தது. நம் நாட்டு ஆராய்ச்சி, பெருமையான விஷயம். ஆனால் 2010-ல் ஹூஸ்டனில் ஒரு குழு அதே லெட்-7 குடும்பத்தை எலிகளில் அடக்கிப் பார்த்தபோதும் ஆஸ்துமா குறைந்தது! ஒரே சீட்டு, இரண்டு விதமான கணக்கு. காரணம், ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. ஒரு செக்கை மட்டும் நிறுத்துவதில்லை, நூற்றுக்கணக்கான வவுச்சர்களைத் தொடுகிறது. புற்றுநோய்க்காகச் சோதித்த எம்.ஆர்.எக்ஸ்.34 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. மருந்தை, கடுமையான பக்கவிளைவுகளால் 2016-ல் நிறுத்த வேண்டி வந்தது. ஆஸ்துமாவுக்கோ சி.ஓ.பி.டி.க்கோ இப்படி ஒரு மருந்து இன்றுவரை விற்பனைக்கு வரவில்லை.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். நீங்கள் காத்திருக்கும் அந்த "ஜீன் லெவல்" மருந்தின் பங்காளி ஒன்று ஏற்கனவே உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. ஸ்டீராய்டு இன்ஹேலர் செல்லுக்குள் போய், அழற்சி ஜீன்களிலிருந்து வவுச்சர் எழுதுவதையே குறைக்கிறது. மூச்சு முட்டும்போது அடிக்கும் சால்புட்டமால் அப்படி இல்லை. அது குழாயை விரிக்கும், வீக்கத்தைத் தொடாது. ஓவர்டிராஃப்ட் மாதிரி, அன்றைக்குச் சமாளிக்கலாம், கடன் அப்படியே நிற்கும். அதனால்தான் ஜீனா என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டிக் குழு, பெரியவர்களுக்கும் வளரிளம் பிள்ளைகளுக்கும் சால்புட்டமாலை மட்டும் தனியாகக் கொடுப்பதை 2019-ல் கைவிடச் சொன்னது. இழுப்பு இல்லாத நாளிலும் உள்ளே வவுச்சர் ஓடிக்கொண்டிருக்கலாம். டாக்டர் தினமும் எடுக்கச் சொன்னால் தினமும்தான்.

2022 உலக ஆஸ்துமா அறிக்கை சொல்லும் கணக்கைப் பாருங்கள். உலக ஆஸ்துமாக்காரர்களில் 13 சதவீதம் இந்தியாவில், ஆனால் ஆஸ்துமா மரணங்களில் 42 சதவீதம். இந்த இடைவெளி மருந்து கண்டுபிடிக்காததால் வந்ததல்ல. இருக்கும் மருந்து ஒழுங்காகப் போய்ச் சேராததும் ஒளித்து வைப்பதும் அதில் சேர்ந்திருக்கின்றன. "பொம்பளப் பிள்ளைடா, நாலு பேர் பாக்கிற மாதிரி அதை உறிஞ்ச விடாதே, நாளைக்கு வரன் பாக்க வேண்டாமா" என்று என் அம்மாவே போனில் சொல்கிறார். அம்மா, மூச்சு இருந்தால்தானே வரன்?

கேம்பல் பேயில் இந்த ஒளிவுமறைவுக்கு இடமே இல்லை. வருஷத்தில் பாதிக்கு மேல் மழை. சுவரில் பூஞ்சை, மெத்தையில் ஈரம். நிலைமை முற்றினால் பெரிய ஆஸ்பத்திரி 500 கி.மீ.க்கு மேல் கடல் தாண்டி போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்). கப்பல் நினைத்த நேரத்தில் கிடைக்காது, ஹெலிகாப்டர் வானிலையைக் கேட்டுத்தான் பறக்கும். எங்களுக்கு ஐ.சி.யூ. என்பதே அந்தத் தினசரி இரண்டு பஃப்தான். சிட்டியில் இருப்பவர்களுக்கு ஆம்புலன்ஸ் இருக்கிறது என்ற தைரியம். அட்டாக் வந்தபிறகு டிராஃபிக்கில் நிற்கும்போது அந்தத் தைரியம் எவ்வளவு தாங்கும்?

இன்னொன்று. ஊரில் விறகடுப்பு ஊதிய நம் அம்மாக்கள். ஸ்ரீ ராமச்சந்திரா ஆராய்ச்சியாளர்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் புகைபிடிக்காத 900 கிராமத்துப் பெண்களைச் சோதித்ததில் சுமார் 2.4 சதவீதம் பேருக்கு சி.ஓ.பி.டி. இருந்தது, 2011-ல் வெளியிட்டார்கள். பீடி தொடாதவர்கள் இவர்கள்! அவர்களின் மூச்சுத் திணறலை "வயசாயிடுச்சு" என்று நாம் பைசல் பண்ணிவிடுகிறோம்.

மைக்ரோ ஆர்.என்.ஏ. மருந்து வரட்டும், முதல் ஆளாகக் கைதட்டுவேன். அதுவரைக்கும் இரண்டு வேலை. அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது, மூச்சு வாங்கும் அம்மாவை ஒரு ஸ்பைரோமெட்ரி டெஸ்டுக்கு அழைத்துப் போங்கள். பெண்ணின் இன்ஹேலரை பையின் அடியில் சுருட்டி வைக்காமல் வெளி ஜிப்பில் வையுங்கள். கேட்கும் நாலு பேருக்கும் நீங்களே பதில் சொல்லுங்கள்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பி.காம். படித்து வங்கியில் குப்பை கொட்டுபவன். மருந்தை ஆரம்பிப்பது, மாற்றுவது எல்லாம் உங்கள் டாக்டரைக் கேட்டுத்தான். நிறுத்துவதும்தான் :-)