பின்னால் நின்று ஒரு முறை கைதட்டுங்கள்

ராஜபாளையம் நாய்க்குட்டி வாங்க வருகிறவர்கள் முதலில் மூக்கைப் பார்க்கிறார்கள். அது ரோஜா நிறமாக இருக்க வேண்டும். அடுத்து, குட்டியை மல்லாத்தி வயிற்றைப் பார்க்கிறார்கள். எங்கேயும் ஒரு புள்ளிகூட விழுந்திருக்கக் கூடாது. காலைப் பிடித்து எலும்பின் கனம் பார்க்கிறார்கள். விலை படிந்ததும் அட்டைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகிறார்கள். குட்டிக்குக் காது கேட்கிறதா என்று பார்த்து வாங்கியவர்களை இந்த 65 வயதுக்குள் விரல்விட்டு எண்ணிவிடலாம். 1998இல் நானும் பார்க்கவில்லை.

எங்கள் அப்பா கரிசல் காட்டுக் காவலுக்குச் சிப்பிப்பாறை வளர்த்தார். சோளம் பால் பிடிக்கிற நாட்களில் பரண்மேல் அவரும் நானும், பரணடியில் நாயுமாக ராத்திரிகள் போகும். அன்றிலிருந்து எங்கள் வாசல் நாயில்லாமல் இருந்ததில்லை. அப்பா நாய் பழக்கிய விதமே எனக்கும் வந்தது. சத்தம் போட்டு அதட்டுவது, கேட்காவிட்டால் கம்பை எடுப்பது. நாய் அடங்கிவிடும். அடங்கிய நாயைப் பழகிய நாய் என்று எண்ணிக்கொண்டு 20 வருடம் கழித்தேன்.

அப்போதுதான் மணி வந்தது. 45 நாள் குட்டி. சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது. குட்டிதானே, போகப்போகத் தெரிந்துகொள்ளும் என்று இருந்தோம். அந்தத் தீபாவளிக்கு, பக்கத்துத் தெருவில் வெடித்த வெடிக்கே எங்கள் தெரு நாய்கள் ஒளிய இடம் தேடின. மணி கட்டிலடியில் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தது. என் மனைவி அதன் முதுகுப் பக்கம் நின்று எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டினாள். காது மடல்கூட ஆடவில்லை.

விற்றவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். "அண்ணாச்சி, இத விட்டுட்டு வேற குட்டி எடுத்துக்கோங்க. காசு ஒண்ணும் வேண்டாம்" என்றார். "இத என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். குட்டியை வீட்டுக்கே திரும்பத் தூக்கி வந்தேன்.

அதை எப்படி வளர்ப்பது என்பதை எனக்கு மில் சொல்லிக் கொடுத்தது. 19 வயதில் நூற்பாலையில் சேர்ந்து, நூல் நிறைந்த பாபின்களைக் கழற்றும் டாஃபராக இருந்து, அறுந்த நூலை இணைக்கும் சைடர் ஆனவன் நான். ஸ்பின்னிங் பக்கம் ஆயிரக்கணக்கான கதிர்கள் ஒரே நேரத்தில் சுற்றும். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. எங்களுக்குள் எல்லாம் சைகைதான். டீக்கு ஒன்று, மேஸ்திரி வருவதற்கு ஒன்று, நூல் அறுந்த இடத்தைக் காட்ட ஒன்று. ஒரு ஷிப்டுக்கு எட்டு மணி நேரம் காதை வைத்துக்கொண்டு காதில்லாமல் வேலை பார்த்தோம். மணிக்கு நாள் முழுவதும் அந்த ஷிப்டுதான் என்று ஒரு நாள் உறைத்தது.

கட்டைவிரலைத் தூக்கினால் 'சரியாகச் செய்தாய்' என்று பொருள். தூக்கிய உடனே அவித்த ஈரலில் ஒரு துணுக்கு கொடுத்துவிட வேண்டும். பத்து நாளில் அந்த விரல் அதற்குப் புரிந்துவிட்டது. உள்ளங்கையை விரித்துக் காட்டினால் நில். மார்பை நோக்கிக் கையை இழுத்தால் வா. இருட்டில் டார்ச் வெளிச்சத்தைத் தரையில் இரண்டு முறை அடித்தால் வீட்டுக்குத் திரும்பு. கூப்பிட்டால் கேட்காத நாயை வெளியே சும்மா விட முடியாது. காட்டுக்குப் போனால் 30 அடிக் கயிறு அதன் கழுத்துப் பட்டையில் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று வேண்டியிருந்தது. அது என் முகத்தைப் பார்க்க வேண்டும். பார்க்காத நாய்க்குச் சைகை காட்டி என்ன பயன்? ஆகவே, தானாக அது என்னைப் பார்த்த ஒவ்வொரு முறையும் கட்டைவிரல், ஒவ்வொரு முறையும் ஈரல். நான் கோபமாக இருந்தால் பார்க்காது. முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடும். அதட்டலுக்கும் கம்புக்கும் அங்கே வேலையே இல்லை. அப்போதுதான் என் பழைய நாய்கள் நினைவுக்கு வந்தன. காது கேட்ட அந்த நாய்கள் எல்லாம் என் முகத்தைப் பார்க்காமலேயே வளர்ந்தன. பயந்த நாய் கம்பு இருக்கும் கையைத்தான் பார்க்கும்.

தவறும் செய்தேன். ஒரு மதியம் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்தவன், தூங்கிக்கொண்டிருந்த மணியின் முதுகில் சட்டென்று கை வைத்தேன். திடுக்கிட்டு எழுந்து மணிக்கட்டைக் கவ்விவிட்டது. அதற்கு ரேபிஸ் தடுப்பூசி போட்டிருந்தும், நானும் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டேன். பிழை என்னுடையது. அதன் பிறகு, எழுப்புவதென்றால் மூக்குக்கு அருகில் கையை நீட்டிக் காத்திருப்போம். வாசனை போய் எழுப்பும். கண் விழித்து வாலை ஆட்டிய பிறகுதான் தொடுவோம். 12 வருடத்தில் மறுபடி ஒருவரையும் அது கடித்ததில்லை. ராத்திரி நான் சைக்கிள் ஸ்டாண்டை வாசல் பட்டியக்கல்லில் போட்டால், அந்த அதிர்வு தெரிந்து கதவுக்குப் பின்னால் வந்து நிற்கும்.

மணியைப் போன்ற குட்டிகள் ஏன் பிறக்கின்றன என்பதைப் பின்னால் ஒரு கால்நடை மருத்துவர் விளக்கினார். தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் அணுக்கள் உள்காதிலும் இருக்கின்றன. ஒலியை உணரும் நுண்மயிர் அணுக்கள் பிழைத்திருக்க அவை வேண்டும். வெள்ளைக்குக் காரணமான மரபணு, அந்த நிற அணுக்களை உள்காது வரை போகவிடாமல் செய்துவிட்டால், பிறந்த சில வாரங்களிலேயே அந்த நுண்மயிர் அணுக்கள் செத்துவிடும். பிறகு திரும்ப வராது. டால்மேஷன் நாய்களில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் சோதித்தவற்றில் 100க்கு ஏறத்தாழ 8 நாய்களுக்கு இரண்டு காதும், 22 நாய்களுக்கு ஒரு காதும் கேட்கவில்லை. பிறக்கும்போதே பெரிய கறுப்புத் திட்டோடு வருகிற டால்மேஷன் குட்டிகளில் இந்தக் குறை குறைவு. ஆனால் அங்கே அழகுப் போட்டி விதியில் அந்தத் திட்டு இருந்தாலே நாய்க்குத் தகுதியில்லை. நல்ல காதோடு பிறந்ததை ஒதுக்கிவிட்டு, அழகு என்று கேளாமையைப் பெருக்குகிறார்கள். புள்ளி விழுந்த குட்டியை நம் ஊரில் ஒதுக்குவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

2005இல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அதில் ஒன்று ராஜபாளையம். எங்கள் ஊருக்குப் பெருமைதான். அந்தப் பெருமை நிலைக்க வேண்டுமானால் மூன்று காரியம் நடக்க வேண்டும். முதலாவது, ஒரு காது கேட்காத நாயைக்கூட இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது. அதுவும் குட்டிகளுக்குக் குறையைக் கொடுக்கும். ஒரு காது மட்டும் கேட்காததை வீட்டில் கைதட்டிக் கண்டுபிடிக்க முடியாது. ஒலி எழுப்பி, மூளைத்தண்டில் எழும் மின் அலையை அளக்கும் சோதனை வேண்டும். இரண்டாவது, நம் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் வருடத்தில் சில நாள் அந்தக் கருவியோடு இங்கே வந்து முகாம் போட வேண்டும். ஆறு வாரக் குட்டிக்கே அதைச் செய்துவிடலாம். மூன்றாவது, புள்ளியுள்ள குட்டியும் ராஜபாளையம்தான் என்று வளர்ப்பவர்களும் வாங்குபவர்களும் ஏற்க வேண்டும்.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. வீரனோடு அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்று அதன் பெயரும், அது இரண்டு கள்வர்களைக் கடித்துக் காவல் காத்த செய்தியும் கல்லில் இருக்கின்றன. 1,400 வருடத்துக்கு முன்னால் ஒரு நாய்க்குக் கல்லெழுத்து வெட்டியவர்கள் அதன் பெயரையும் செயலையும் எழுதினார்கள். நிறத்தை எழுதவில்லை.

மணி 2010இல் போனது. இப்போது எங்களோடு இருப்பது செவலை. இடது காதில் பழுப்புத் திட்டு இருந்ததால் ஒருவரும் வாங்காத குட்டி. அதற்கு இரண்டு காதும் கேட்கிறது. மில் சங்குக்கு முன்னால் எழுந்துவிடும். எனக்குத்தான் மில் இரைச்சலில் வலது காது போய், இடது காதும் மங்கிவிட்டது. வாசலில் ஆள் வந்தால் செவலை குரைப்பதோடு நிற்பதில்லை. உள்ளே வந்து என் கையில் மூக்கை வைக்கிறது. மணியைத் தொட்டு எழுப்பும் முன் நான் மூக்கருகில் கையை வைத்துக் காத்திருந்ததுபோல, நான் தன் பக்கம் திரும்பும் வரை செவலை காத்திருக்கிறது.

குட்டி வாங்கப் போகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். வயிற்றைத் திருப்பிப் பார்க்கும் முன், அதன் கண்ணுக்குத் தெரியாமல் சற்றுத் தள்ளிப் பின்னால் நின்று ஒரு முறை கைதட்டுங்கள். அது திரும்பாவிட்டால், வளர்க்க மனமிருந்தால் தூக்கிக்கொள்ளுங்கள். சைகையில் எல்லாம் கற்றுக்கொள்ளும். முடியாது என்றால், கீழே விடும் முன் விற்பவரிடம், "இத என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். பதில் வரும் வரை அங்கேயே நில்லுங்கள்.