பதின்மூன்று பேர் போதும்

தரம் பத்தில் படிக்கும்போது நாங்கள் நுவரெலியாவுக்குப் போனோம். மூன்று பஸ், நூற்று நாற்பது மாணவியர், எட்டு ஆசிரியைகள். கிரகரி வாவிக் கரையில் எங்களுக்குக் கிடைத்தது இருபது நிமிடம். அதில் பாதிக்கு மேல் கழிப்பறை வரிசையிலேயே போய்விட்டது. மிச்ச நேரத்தில் வாவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று டீச்சரின் போனில் படம் எடுத்தோம். அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். அன்றிரவு வீட்டுக்கு வந்ததும் உம்மா ஆசையோடு கேட்டார்: "அந்தத் தண்ணி என்ன நிறம் புள்ள?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பஸ்ஸில் எந்தப் பாட்டு எத்தனை தடவை போட்டார்கள் என்று கேட்டிருந்தால் சரியாகச் சொல்லியிருப்பேன்.

இந்த வருடம் அதே வாவிக்கு மறுபடியும் போனேன். உயர்தரத்தில் புவியியல் படிக்கும் நாங்கள் பதினொரு பேர், எங்கள் புவியியல் டீச்சர், ஒரு தோழியின் உம்மா. ஆக மொத்தம் பதின்மூன்று பேர், ஒரு வேன், ஒரு நாள், ஒரே ஒரு இடம். சுற்றுலா என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. அதற்காக வாதாடத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எதிர்க்கட்சியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது எங்கள் வீட்டிலேயே இருந்தது. நானா சொன்னார், "அங்க என்ன ஈக்கி? தண்ணி தானே! அதப் பாக்க எழுவத்தஞ்சு கிலோமீற்றர் போகணுமா?" இதைச் சொன்னவர் கூட்டாளிமாருடன் மோட்டார் சைக்கிளில் மூன்று தடவை நுவரெலியாவுக்குப் போய் வந்தவர். 1344ஆம் ஆண்டு மொரோக்கோவிலிருந்து வந்த இப்னு பதூதா பாவா ஆதம் மலை வரைக்கும் ஏறிப் பார்த்துவிட்டுத்தான் போனார் என்று நான் ஞாபகப்படுத்தினேன். "அவர் ஆம்புள" என்றார் நானா. அத்தோடு அவருடைய வாதம் முடிந்துவிட்டது. ஆனால் வாப்பாவின் வாதம் அவ்வளவு இலேசானதல்ல.

வாப்பாவுக்குப் பயம் பாதையைப் பற்றியது. 2025 மே மாதம் ஓர் அதிகாலையில் றம்பொடைக்குப் பக்கத்தில் கெரண்டி எல்லவில் பஸ் ஒன்று பள்ளத்தில் பாய்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். நாங்கள் போக வேண்டியதும் அதே வீதிதான். 2023 ஜனவரியில் நானுஓயாவில் பாடசாலைச் சுற்றுலா வந்த பஸ் ஒன்று ஒரு வேனுடனும் முச்சக்கரவண்டியுடனும் மோதி ஏழு பேர் உயிரிழந்தார்கள். "பெரிய பஸ்ஸை விட சின்ன வேன் பாதுகாப்பு வாப்பா" என்று நான் சொன்னேன். வாப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அண்டைக்கு மௌத்தானவங்க பஸ்ல வந்த பிள்ளைகள் இல்ல. வேன்லயும் த்ரீவீல்லயும் போனவங்க" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. உண்மையைச் சொன்னால், இப்போதும் முழுப் பதில் இல்லை. சிறிய வாகனம் என்பதால் மட்டும் எந்தப் பிள்ளையும் பத்திரமாகத் திரும்பி வந்துவிடாது. ஆனால் வாப்பாவின் அந்த ஒரு வசனத்தால் எங்கள் பயணத் திட்டமே மாறியது. நான் அதை டீச்சரிடம் சொன்னேன். டீச்சர் கோபிக்கவில்லை. இருட்டில் ஒரு கிலோமீற்றர்கூட மலைப்பாதையில் ஓடுவதில்லை என்று முடிவு செய்தார். சாரதி முந்திய இரவு வேறு ஹயருக்குப் போகாமல் நித்திரை கொண்டவராக இருக்க வேண்டும் என்றார். பின்னேரம் மலையில் பனிமூட்டம் இறங்குவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்றும் சொன்னார். இடம் ஒன்றுதான் என்று தீர்மானித்ததற்கும் இதுவே காரணம். ஒரே நாளில் ஆறு இடம் பார்க்கப் போகிறவர்கள்தான் இரவில் ஓட வேண்டி வருகிறது; நேரத்தைப் பிடிக்க வளைவுகளில் விரட்ட வேண்டி வருகிறது. நூற்று நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு போகும்போது, "ஹக்கலைப் பூங்காவை விட்டுவிடுவோம், நேரமாகிவிட்டது" என்று சொல்வது எளிதல்ல. காசு கட்டியவர்கள் முகம் சுளிப்பார்கள். பதினொரு பேரிடம் அதைச் சொல்லலாம். எங்களிடம் சொன்னார்கள், நாங்களும் முகம் சுளித்தோம், ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது.

சுபஹ் தொழுதுவிட்டு வெளிச்சம் வந்த பிறகு கிளம்பினோம். கம்பளை, புசல்லாவை. அதற்கப்பால் கீழே கொத்மலை நீர்த்தேக்கம் தெரிந்தது. டீச்சர் வேனை ஓரமாக நிறுத்தச் சொன்னார். அந்தத் தண்ணீருக்கு அடியில் ஊர்களும் வயல்களும் இருக்கின்றன, நீர் வற்றும் காலத்தில் கடதொர விகாரையின் பகுதிகள் வெளியே தெரியும் என்றார். பாடப்புத்தகத்தில் மகாவலி அபிவிருத்தித் திட்டம் ஐந்து வரியில் முடிந்துவிடுகிறது. அங்கே நின்று பார்த்தபோது எங்களில் ஒருத்தி, "அந்த ஊர்க்காரங்களுக்கு எவ்வளவு நாளைக்கு முந்திச் சொல்லியிருப்பாங்க டீச்சர்?" என்று கேட்டாள். இப்படியொரு கேள்வி பஸ்ஸில் பிறக்காது. பிறந்தாலும் பாட்டுச் சத்தத்தில் கேட்காது.

றம்பொடை வளைவுகளில் இரண்டு பேருக்கு வாந்தி. அதையும் எழுதத்தானே வேண்டும். லபுக்கலையில் தேயிலைக்கு நடுவில் நிறுத்தி முகம் கழுவினோம்.

வாவியைப் பற்றிச் சொல்கிறேன். அல்ப்ஸ் மலை ஏரிகளைப் பற்றிப் படித்திருக்கிறோம். பனிக்கட்டியாறு பாறையைக் குடைந்துவிட்டுப் போன பள்ளங்களில் நீர் நிறைந்து உருவானவை அவற்றில் பல. நமது மலைநாட்டில் பனிக்கட்டியாறுகள் இருக்கவில்லை. இங்கே நாம் மலைகளுக்கு நடுவே காணும் பெரிய நீர்ப்பரப்புகளான காசல்ரீ, மவுசாகலை, கொத்மலை எல்லாமே மனிதர் அணைகட்டித் தேக்கியவை. கிரகரி வாவியும் அப்படித்தான். ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873இல், சதுப்பாகக் கிடந்த நிலத்தில் நீரைத் தேக்கி உண்டாக்கினார்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரம். அதற்கு மேலே 2,524 மீற்றரில் பிதுருதலாகலை. வெள்ளைக்காரர் தங்கள் ஊரை நினைத்துக்கொண்டு இங்கே ஒரு ஊரைச் செய்து பார்த்திருக்கிறார்கள். குளிரும் ஒத்துழைத்திருக்கிறது. நாங்கள் போன காலையில் பதினொரு மணிக்கும் எல்லோரும் ஜெர்சியைக் கழற்றாமலேயே இருந்தோம்.

தரம் பத்தில் எட்டு நிமிடம் பார்த்த அதே தண்ணீரை இம்முறை இரண்டரை மணித்தியாலம் பார்த்தோம். கரையோரமாக நடந்தோம். சும்மா நடந்தது போதாது என்று டீச்சர் குறிப்புப் புத்தகம் எடுக்க வைத்தார். நீர் வந்து சேரும் பக்கத்தில் அது மண்ணிறமாக இருந்தது. சுற்றிலும் உள்ள சரிவுகளில் லீக்ஸ், கரட், உருளைக்கிழங்குத் தோட்டங்கள். மழைக்கு மண் கழுவுண்டு வாவியில் வந்து படிகிறது. மண்ணரிப்பு என்று நாங்கள் மனப்பாடம் செய்த சொல் அங்கே கண் முன்னால் மிதந்துகொண்டிருந்தது. நடுப்பகுதி கரும்பச்சை. பனிமூட்டம் இறங்கிய பத்து நிமிடத்தில் எல்லாம் சாம்பல். அந்த நேரம் மறுகரை மறைந்துபோய், அன்னப் படகுகள் மட்டும் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. யாரும் பேசவில்லை. எங்கள் வகுப்பு பேசாமல் இருந்ததை டீச்சர் அன்றுதான் முதன்முதலாகக் கண்டிருப்பார்.

வாவிக்கரை முழுக்க அழகு என்று பொய் சொல்ல மாட்டேன். வேகப் படகுகளின் இரைச்சல் காதைத் துளைக்கிறது. பிளாஸ்டிக் போத்தல்கள் கரையில் ஒதுங்கிக் கிடக்கின்றன. அவற்றைப் போட்டவர்களும் நம்மைப் போலச் சுற்றுலா வந்தவர்கள்தானே.

படகில் ஏறும்போது ஒரு சிக்கல். உயிர்காப்பு அங்கிகள் எங்கள் எண்ணிக்கைக்குக் குறைவாக இருந்தன. "பரவாயில்ல மிஸ், ஆழமில்ல" என்றார் படகுக்காரர். டீச்சர் ஏற மறுத்துவிட்டார். அங்கி உள்ளவர்கள் மட்டும் முதலில் ஒரு சுற்று, அவர்கள் திரும்பி வந்து கழற்றிக் கொடுத்த பிறகு மற்றவர்கள் ஒரு சுற்று என்று பேசி முடித்தார். காத்திருந்தது அரை மணித்தியாலம். நூற்று நாற்பது பேராக இருந்திருந்தால் அந்தப் பேச்சுக்கு இடமிருந்திருக்காது. ஒன்றில் அங்கியில்லாமல் ஏற்றியிருப்பார்கள், அல்லது படகே வேண்டாம் என்றிருப்பார்கள்.

பெற்றோர் பெரும்பாலும் கேட்பது தொழுகையையும் சாப்பாட்டையும் பற்றித்தான். அதிலும் சிறிய குழுவுக்குத்தான் லாபம். கூட வந்த தோழியின் உம்மாவுக்கு நுவரெலியா நகரில் ஒரு சாச்சி இருக்கிறார். பதின்மூன்று பேரும் அவர் வீட்டுக்குப் போனோம். வுழூ செய்ய நல்ல இடம், சுத்தமான கழிப்பறை, லுஹர் தொழ ஓர் அறை. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன சோற்றுப் பார்சலை அங்கேயே பிரித்தோம். சாச்சி சுடச்சுட இஞ்சி போட்ட பிளேன்டீ தந்தார். மூன்று பஸ் நிறையப் பிள்ளைகளுக்கு இதை யாரால் செய்ய முடியும்? பெரிய சுற்றுலாக்களில் பெண்பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது ஏன் என்று உம்மாமாருக்குத் தெரியும். வாப்பாமாரும் தெரிந்துகொள்வது நல்லது.

செலவு ஆளுக்கு 2,500 ரூபா. மூன்று பஸ் பயணத்தை விட அதிகம்தான். எங்களில் ஒருத்தியால் அதைக் கட்ட முடியாமலிருந்தது. அவள் யார் என்று எங்களுக்கு இன்று வரை தெரியாது, டீச்சர் தெரியவிடவில்லை. சிறிய குழுவில் இப்படியும் ஒரு கண்ணியம் சாத்தியம். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். பாடசாலையில் உள்ள எல்லோரையும் இப்படிக் கூட்டிப் போவதென்றால் டீச்சர்மாரின் சனிக்கிழமைகள் எத்தனை போகும்? அவர்களுக்கும் வீடு, பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால்தான் ஒவ்வொரு பயணத்திலும் ஓர் உம்மாவாவது வர வேண்டும் என்கிறேன். பாரமும் பாதியாகும், வீட்டிலிருப்பவர்களின் பயமும் பாதியாகும்.

எங்களோடு வர வேண்டிய பன்னிரண்டாவது பிள்ளை ஒருத்தி இருந்தாள். பெயர் எழுதமாட்டேன். புவியியலில் எங்கள் எல்லோரையும் விடக் கெட்டிக்காரி. சமவுயரக்கோட்டு வரைபடத்தைப் பார்த்த உடனே மலை எந்தப் பக்கம் செங்குத்து என்று சொல்லிவிடுவாள். பரீட்சை முடிந்ததும் அவளுக்குக் கலியாணம் பேசியிருக்கிறார்கள். "அதெல்லாம் பொறகு மாப்பிள்ளையோட போய்ப் பாக்கலாம்" என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை நல்லவராக இருக்கட்டும், இன்ஷா அல்லாஹ் கூட்டிக்கொண்டும் போகட்டும். ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை. அவர் அவளுக்கு வாவியைக் காட்டலாம். மண்ணிறத் தண்ணீரைப் பார்த்து, அது எந்தத் தோட்டத்திலிருந்து வருகிறது என்று அவளோடு சேர்ந்து தேட, அவளைப் போலவே வரைபடம் பார்க்கத் தெரிந்த பதினொரு பேர் அன்று அவள் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். அந்த நாள் ஒரு வயதுக்குரியது. எங்கள் குறிப்புகளை அவளுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தோம். அவள் வாசித்துவிட்டு எங்கள் படத்தில் நீர் வரும் வாய்க்காலைத் தப்பான இடத்தில் போட்டிருக்கிறோம் என்று சிவப்புப் பேனையால் திருத்தித் தந்தாள். வரைபடத்தோடு ஒப்பிட்டோம். அவள் சொன்னதுதான் சரி.

இரண்டு மணிக்கு வாவியை விட்டோம். றம்பொடையில் பனிமூட்டம் இறங்கத் தொடங்கியபோது நாங்கள் சுரங்கப்பாதையைத் தாண்டியிருந்தோம். மஃரிபுக்கு முன் வீட்டில். வாப்பா கேற்றடியில் நின்றிருந்தார். நேரத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சாரதிக்குக் கை கொடுத்தார்.

உம்மா அந்தப் பழைய கேள்வியைத் திரும்பவும் கேட்டார். இம்முறை மூன்று நிறத்தையும் எந்தெந்தப் பக்கம் என்று வரைந்தே காட்டினேன். தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். உம்மாவுக்கு நாற்பத்து நான்கு வயது. பிறந்தது, படித்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் கண்டி மாவட்டத்துக்குள்தான். நுவரெலியாவுக்கு அவர் ஒரு நாளும் போனதில்லை என்பதை நான் அன்றுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அடுத்த தவணையில் எங்களுக்கு அடுத்த வகுப்புப் பிள்ளைகள் போகவிருக்கிறார்கள். வேனில் ஓர் உம்மாவுக்கு ஆசனம் இருக்கிறது என்று டீச்சர் அறிவித்தார். என் தங்கை அந்தக் குழுவில் இருக்கிறாள். உம்மா தன் பெயரைக் கொடுத்திருக்கிறார். சாரதி யார், எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று வாப்பா இப்போதே விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.